முட்டி ஜவ்வு: கட்டா, எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா?

இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் என்று இந்திய மகளிர் கால்பந்து அணிக்கே ஆட்களைத் தந்த மாவட்டம் கடலூர். இங்கே பந்தாடும் பெண்பிள்ளைகளின் முட்டியைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். ஆடும் ஆண்களைவிட அவர்களுக்கு ஏ.சி.எல். என்கிற முன் ஜவ்வு கிழியும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. ஓடிவந்து சட்டென்று திரும்பினாலே போதும்.

பிசகு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி, கட்டுப் போட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். வீங்கிய முட்டியை உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். எது அறுந்தது என்பதும் தெரியாது.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. காலூன்றி நாலு அடி நடக்க முடியாவிட்டால் கட்டாயம் எடுங்கள். ஆனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் மைதானத்தில் இறங்காதீர்கள்.

நான் முதலிடம் தருவது தேர்ந்த மருத்துவரின் கைக்குத்தான். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ‘டப்’பென்று சத்தம் கேட்டதா, எப்போது வீங்கியது என்று மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் ஏ.சி.எல். மேல் சந்தேகம் விழும். மறுநாள் மெல்ல வீங்கி, காலை நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டால் மெனிஸ்கஸ் என்கிற, முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு மேல். அடுத்து லாக்மேன் சோதனை. முட்டியை 20–30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னே இழுப்பார். நல்ல ஜவ்வு ‘டக்’கென்று நிறுத்தும்; அறுந்திருந்தால் கால் தடையின்றி முன்னே வரும். அடிபடாத காலையும் இழுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். வலியில் தொடை இறுகியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். வீக்கம் வடிந்ததும், ஒன்றிரண்டு வாரத்தில், மறுபடி போங்கள்.

எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு. கூடவே மெனிஸ்கஸ் கிழிந்ததா என்று அறியவும், அறுவை சிகிச்சையைத் திட்டமிடவும் அது தேவை. கையில் தெரிவதும் படத்தில் தெரிவதும் முரண்பட்டால், படத்தை மட்டும் வைத்து அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள்.

முட்டி இடம் விலகி, பாதம் சில்லிட்டு மரத்துப்போனால் மட்டும் இந்த வரிசை எதுவும் கிடையாது. ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.