மன்னர் அணிந்த கவசம்

ஐரோப்பிய அரண்மனைகளில் உள்ள மன்னர் படங்களைக் காண்பார்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். அவற்றுட் பலவற்றில் மன்னர் இரும்புக் கவசம் பூண்டே நிற்பர். போர்க்களத்தையே கண்டறியாத இளவரசரும் அக்கோலத்தை விரும்பினர். துப்பாக்கிக் குண்டின்முன் கவசத்தின் பயன் குன்றிய பின்னரும், ஓவியத்தில் அது நெடுங்காலம் நிலைத்தது. உடலைக் காக்கப் பிறந்த கவசம், குலத்தையும் வீரத்தையும் ஆளும் உரிமையையும் அறிவிக்கும் அடையாளமாயிற்று.

வெனிஸ் நகரத்து ஓவியர் டிஷியன் 1548-ஆம் ஆண்டில் தீட்டிய ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படம் இதற்குச் சிறந்த சான்றாகும். 1547-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஜெர்மனியில் எல்பே ஆற்றின் அருகேயுள்ள மூல்பர்க் என்னுமிடத்தில், தம்மை எதிர்த்த புராட்டஸ்டண்டு சிற்றரசரின் படையைப் பேரரசர் வென்றார். அவ்வெற்றியைப் போற்ற எழுந்த படத்தில் போரே இல்லை! பகைவர் இல்லை, வீழ்ந்து கிடக்கும் பிணங்கள் இல்லை, பின்தொடரும் படையும் இல்லை. அந்திவானத்தின்கீழ்க் கரிய புரவிமீது, கையில் நீண்ட ஈட்டியுடன், பேரரசர் தனியே செல்கிறார்.

அப்போர் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 47. வாதநோய் அவரைப் பல்லாண்டுகளாக வாட்டி வந்தது. வெளிறிய முகத்தின் தளர்ச்சியை ஓவியர் மறைத்தாரில்லை. கழுத்துக்குக் கீழேயோ தளர்ச்சியின் சாயலும் இல்லை. பொன்முலாம் பட்டைகள் ஒளிரும் எஃகு, நோயுற்ற உடலை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. காண்பவர் கண்ணும் முகத்தை விட்டுக் கவசத்தையே முதலில் நாடுகிறது. ஓவியர் விரும்பியதும் அதுவே போலும்.

அக்கவசம் கற்பனையன்று. ஆக்ஸ்பர்க் நகரத்துக் கவசக் கொல்லர் டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் செய்த அது, மாட்ரிட் அரண்மனைப் படைக்கலச் சாலையில் இன்றும் உள்ளது. மார்புத் தகட்டில் கன்னிமரியாளின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அணிந்தவர் கத்தோலிக்க சமயத்தின் காவலர் என்பதை அறிவிக்க வேறு சொல் வேண்டியதில்லை.

தோற்றவரையும் டிஷியன் தீட்டினார் என்பது பலர் அறியாத செய்தி. சாக்சனி நாட்டு ஜான் பிரெடரிக் அப்போரிற் சிறைப்பட்டார். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடைய தம் உயர்பதவியையும் இழந்தார். பேரரசரின் படம் உள்ள மாட்ரிட் பிராடோ காட்சிச்சாலையிலேயே இவர் படமும் இருக்கிறது. இவரும் கவசம் பூண்டே நிற்கிறார். ஆயினும், வென்றவர் கவசத்தில் ஒரு கீறலும் இல்லை. இவர்தம் இடக்கன்னத்திலோ, அப்போரிற் பட்ட வாள்வெட்டு நீண்டு கிடக்கிறது.