கியர்ப்பெட்டியின் எண்ணெயும் மின்விசிறியும்

உழைப்பன யாவும் வெம்மையடைதல் இயற்கை. விறகு பிளப்போன் உடல் வியர்க்கின்றது. மரத்தை அறுக்கும் வாள் சுடுகின்றது. கிணற்றுக் கப்பியின் அச்சும் ஓடி ஓடிச் சூடேறுகின்றது. அவ்வெம்மை வெளியேறுதற்கு வழியுள்ளவரை உழைப்பு நடைபெறும். வழி அடைபட்டவிடத்து உழைக்கும் பொருளே அழிந்துபடும். இவ்வுண்மை மோட்டார் வண்டியின் ஓர் உறுப்பில் எங்ஙனம் விளங்குகின்றதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. என் தாய்மாமனார் அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தில் வாழ்பவர். அவர்கள் தம் தானியங்கு கியர் வண்டியின் பின்னே, குடும்பத்தோடு தங்கிச் செல்லும் டிரெய்லர் ஒன்றைப் பூட்டிச் சென்ற கோடையில் மலையேறுகையில், கியர்ப்பெட்டி கருகி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அப்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியே ஒரு கூலரும், அக்கூலருக்கென ஒரு மின்விசிறியும் சில திங்கட்கு முன்னரே பொருத்தப்பட்டிருந்தன. இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட என் ஆச்சி, “விசிறி வைத்த பின்னும் வெந்துபோகுமா, ஐயா?” என்று என்னை வினவினார்கள். அன்று எனக்கு விடை தெரிந்திலது. பின்னர் மாமாவிடம் கேட்டும் நூல்களிற் கற்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

1. வெம்மை பிறக்குமாறு

காலால் கிளச்சு மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியில், எஞ்சினும் கியர்ப்பெட்டியும் உராய்வுத் தட்டொன்றினால் இணைக்கப்படுகின்றன. தானியங்கு வண்டியிலோ அவ்விரண்டிற்கும் இடையே எண்ணெயே பாலமாக நிற்கின்றது. ஒரு மேசைவிசிறியை ஓடவிட்டு, அதற்கெதிரே மின்சாரம் இல்லாத மற்றொரு விசிறியை வைத்தால், முன்னதன் காற்றுப் பட்டுப் பின்னதும் சுழலக் காண்கின்றோம். காற்றிற்கு ஈடாக எண்ணெயையும், விசிறிகட்கு ஈடாக இதழ்கள் பொருந்திய சக்கரங்களையும் ஒரு மூடிய கூட்டினுள் வைத்தால் அதுவே டார்க் கன்வர்ட்டர் எனப்படும் கருவியின் அடிப்படையாகும். எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் மூன்றாவதொரு சக்கரமும் அதனுள் உண்டு. அதனால் வண்டி புறப்படுங்கால் திருகு விசை பெருகும்.

இத்தத்துவத்தைக் கண்டவர் செர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்பார். அவர் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றது, கப்பலின் நீராவிச் சுழலியையும் நீரைத் தள்ளும் சுழற்சக்கரத்தையும் இணைத்தற் பொருட்டேயாம். கார்களில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1939-இல் வெளியிட்ட ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கு கியர்ப்பெட்டி எண்ணெய் இணைப்பைப் பெருவழக்கிற் கொணர்ந்தது. 1948-இல் பியூக் வண்டியின் டைனாஃப்ளோ பெட்டியில் டார்க் கன்வர்ட்டரே இடம்பெற்றது.

எண்ணெய்ப் பாலம் மென்மையானது. ஆனால் அம்மென்மைக்கு ஒரு விலையுண்டு. முன்சக்கரம் சுழலும் வேகத்திலேயே பின்சக்கரம் சுழல்வதில்லை, சிறிது வழுக்கும். அவ்வழுக்கலால் இழக்கப்படும் ஆற்றல் யாண்டும் போய்விடுவதன்று. எண்ணெயின் சூடாகவே மாறுகின்றது. சமவழியில் சீராக ஓடுங்கால் இக்கால வண்டிகளில் இரு சக்கரங்களையும் இணைத்துப் பூட்டும் அமைப்பொன்று வழுக்கலை நீக்கிவிடும். பாரமேற்றி மெல்ல ஏறுங்காலோ அப்பூட்டுப் பெரும்பாலும் விடுபடும், வெம்மை பெருகும்.

2. ஓர் ஏற்றமும் ஒரு கணக்கும்

மாமா ஏறிய வழி, கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து அரிசோனா மலைமேற் செல்லும் பாதையாகும். பதினொரு மைலுக்குச் சிறிது மேற்பட்ட தொலைவில் ஏறத்தாழ 3000 அடி, அதாவது 900 மீட்டர், உயர்கின்றது. அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகமாகிய எஸ்.ஏ.இ. 2008-இல் வெளியிட்ட ஜே 2807 என்னும் அளவைமுறை, டிரெய்லர் இழுக்கும் வண்டிகளின் ஆற்றலைச் சோதிக்க இவ்வேற்றத்தையே உரைகல்லாகக் கொண்டுள்ளது. நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டிற்குக் குறையாத வெப்பத்தில், வண்டியினுள் குளிர்சாதனத்தை முழுதும் ஓடவிட்டு ஏறவேண்டுமென்பது அதன் விதி. அவ்வழியின் கடுமை இதனால் விளங்கும்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3000 கிலோ எடையெனக் கொள்வோம். மணிக்கு 40 மைல் வேகத்தில் அவ்வழியை ஏறி முடிக்க ஏறக்குறைய 17 நிமிடமாகும். அவ்வெடையை 900 மீட்டர் உயர்த்துதற்கு மட்டும் சற்றொப்ப 26 கிலோவாட் ஆற்றல் இடைவிடாது வேண்டும். அதிற் பத்தில் ஒரு பங்கு கியர்ப்பெட்டியில் வெப்பமாயிற்றெனின் அஃது 2.6 கிலோவாட்டாம். பெட்டியினுள் இருக்கும் எண்ணெய் பத்து லிட்டர் அளவினது. இவ்வெப்பம் முழுதும் அவ்வெண்ணெயிலேயே தங்குமாயின், பத்து நிமிடத்தில் அதன் சூடு 90 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும்! பெட்டியின் உலோகம் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் என்பது மெய்யே. எனினும் வெப்பத்தை வெளியேற்றும் வழி இல்லையேல் கேடு எத்துணை விரைவில் வருமென்பது இக்கணக்கால் அறியப்படும்.

பல பெட்டிகளில் எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். 120 டிகிரிக்கு மேற்சென்றால் எண்ணெய் விரைந்து கெடும். ரப்பர்ச் சீல்கள் இறுகும். உராய்வுத் தட்டுகள் வழுக்கி எரியும். நல்ல வெம்மையளவிற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் வாழ்நாள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளிடை வழங்கும் ஒரு தோராயக் கணக்கு.

3. கூலரும் காற்றும்

பல கார்களில் கியர்ப்பெட்டி எண்ணெய், முன்னுள்ள ரேடியேட்டரின் பக்கத் தொட்டியினுள் அமைந்த குழாய் வழியே சென்று, எஞ்சின் நீரினிடத்துத் தன் சூட்டை விட்டு மீள்கின்றது. அந்நீரே 90 டிகிரிக்குக் குறையாது கொதிப்பை அணுகி நிற்குங்கால், எண்ணெய் அதனினுங் குளிர்தல் இயலாது. ஆதலின் பாரம் இழுப்போர், காற்றினாற் குளிரும் கூலர் ஒன்றைத் தனியே சேர்க்கின்றனர். மெல்லிய தகடுகள் நெருங்கிய அதனூடே எண்ணெய் செல்லும்; தகடுகளைத் தழுவிக் காற்றுச் செல்லும்.

அக்காற்று எங்கிருந்து வரும்? கூலர் வண்டியின் முகப்பில் இருந்து, வண்டியும் விரைந்து ஓடுமாயின், எதிர்க்காற்றே போதும். ஆயின், நெரிசலில் ஊர்ந்து செல்லும்பொழுதும், ஏற்றத்தில் மெதுவாக ஏறும்பொழுதும், பின்காற்று வீசும்பொழுதும் எதிர்க்காற்றுக் குன்றும். வெப்பம் மிகப் பிறக்கும் வேளையும் காற்றுக் குறைந்த வேளையும் ஒன்றாகவே வருதல் இதனிடத்துள்ள இடர்ப்பாடு. முகப்பில் இடமின்மையால் கூலரை வண்டியின் அடியில் வைத்தாலோ எதிர்க்காற்று என்றும் நேரே கிட்டாது. இவ்விடங்களிலேதான் மின்விசிறி வேண்டப்படுகின்றது.

விசிறி தானாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதன்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அது காற்றை நகர்த்துமேயன்றி வேறொன்றுஞ் செய்யாது. ஆதலின் வெளிக்காற்றின் சூட்டிற்குக் கீழே எண்ணெயைக் கொணர அதனால் ஒருகாலும் ஆகாது. கூலர் மிகச் சிறிதாயினும், தகடுகளில் மண் அடைந்திருப்பினும், எண்ணெய் குறைந்திருப்பினும் விசிறியால் அக்குறை தீராது. காற்றின்மையே நோயென அறிந்த பின்னரே விசிறியை மருந்தாகக் கொள்ளல் தகும்.

4. பொருத்தும் முறை

முதலாவது, அளவு. விசிறி கூலரின் முகத்தை இயன்றவரை நிறைத்தல் வேண்டும். அதனினும் பெரிதாகி ரேடியேட்டரை மறைத்தலாகாது. வண்டி விரைந்து ஓடுங்கால் நிற்கும் விசிறியே வருங்காற்றிற்குத் தடையாகும். விசிறிக்கும் கூலருக்கும் இடையே பக்கவாட்டிற் காற்று ஒழுகாதபடி தகட்டு வளையம் ஒன்றிருத்தல் நன்று.

இரண்டாவது, தாங்கல். விசிறியைக் கூலரின் மெல்லிய தகடுகளினூடே கட்டித் தொங்கவிடுதல் சிலர் வழக்கம். நாட்பட்ட அதிர்வினால் அக்கட்டுக் குழாயைத் தேய்த்து எண்ணெய் ஒழுகச் செய்யும். இரும்புச் சட்டத்தினால் வண்டியின் உடலோடு பிணைத்தலே முறை.

மூன்றாவது, மின்வழி. நூறு வாட் விசிறி 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தொடங்குங்கணத்தில் அதனினும் மிகும். அத்துணை மின்னோட்டத்தைச் சிறு சுவிட்சின் வழியே செலுத்துதல் தகாது. ஆகவே ரிலே ஒன்று வேண்டும். அதன் முளைகளில் 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி 30-இலும், விசிறிக்குச் செல்வது 87-இலும் சேரும். 85, 86 என்பன ரிலேயை இயக்கும் சுருளின் இரு முனைகள். ப்யூஸ் பாட்டரியின் அருகிலேயே இருத்தல் வேண்டும். தொலைவில் வைப்பின், இடையிற் கம்பி தேய்ந்து உடலைத் தொட்ட இடத்துத் தீப்பற்றுதலைத் தடுப்பார் இல்லை.

நான்காவது, வெப்பச் சுவிட்சு. இதனைக் கூலருக்குள் நுழையும் சூடான குழாயில் வைத்தல் வேண்டும். வெளியேறும் குழாயில் வைத்தால், குளிர்ந்த எண்ணெயைக் கண்டு, வேளை வந்தும் விசிறியை எழுப்பாது. மூடும் அளவும் திறக்கும் அளவும் ஒன்றாக இருத்தல் கூடாது. சான்றாக, 85 டிகிரியில் விசிறியை ஓட்டி 75-இல் நிறுத்துமாயின் விசிறி நொடிக்கொருமுறை ஓடி நின்று தேயாது. சுவிட்சுக்கு மின்சாரம் சாவி திருப்பிய பின்னரே வருமாறு அமைத்தலும் வேண்டும். இன்றேல் நிறுத்திய வண்டியில் பாட்டரி வற்றும்.

ஐந்தாவது, திசை. இதுவே யாவற்றினும் தலையாயது. முகப்புக் கூலரில், விசிறி முன்னிருந்து தள்ளினும் பின்னிருந்து இழுப்பினும், எதிர்க்காற்றுச் செல்லும் திசையிலேயே காற்றைச் செலுத்தல் வேண்டும். அடியிற் பொருத்திய கூலரிலோ, குளிர்ந்த பக்கத்துக் காற்றை எடுத்துச் சூடான பக்கத்தில் விடுதல் வேண்டும். இவ்வகை மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினால் விசிறி எதிராகச் சுழலும். இதழ்களின் வளைவு ஒரு திசைக்கே உரியதாதலின் காற்றும் குன்றும்.

5. ஆச்சிக்கு விடை

மாமாவின் வண்டியில் நிகழ்ந்தது இதுவே. கூலர் அடியில் இருந்தது. பட்டறையில் பொருத்தினோர் இரு கம்பிகளையும் மாற்றிவிட்டனர். விசிறி ஓடிற்று, ஓசையும் கேட்டது. ஆனால் அது தரையோரத்துக் காற்றை எடுத்தலை விடுத்து, புகைக்குழாயின் அருகே வெந்த காற்றை உறிஞ்சி, அதனையே கூலரின்மேல் வீசிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. “விசிறிதான் இருக்கின்றதே” என்றெண்ணி மாமா மேலும் நான்கு மைல் ஏறிவிட்டார்கள். விளக்கைக் கண்டவுடன் ஓரமாக நிறுத்தி, பிரேக்கிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் சுற்றும்படி செய்திருப்பின் பெட்டி பிழைத்திருக்கக்கூடும். பின்னர்ப் புதிய பெட்டிக்கு அவர்கள் கொடுத்த பொருள், பழைய கார் ஒன்றின் விலைக்கு ஈடாயிற்று. சிறு பிள்ளைகள் இருவருடன் அவ்வெயிலில் மூன்று மணிநேரம் வழியோரத்திற் காத்திருந்த துன்பத்திற்கோ விலையில்லை.

இத்தனை இழப்பையும் தடுத்திருக்கக்கூடிய சோதனை, ஒரு தாள் துண்டினால் ஆவது. விசிறியை ஓடவிட்டு, காற்றுப் புகவேண்டிய பக்கத்தில், இதழ்களிற் சிக்காதபடி ஒரு தாளை நீட்டுக. தாள் கூலரை நோக்கி இழுக்கப்பட்டால் திசை சரி. வெளியே தள்ளப்பட்டால் தவறு. அரை நிமிட வேலை.

நான் இவற்றையெல்லாம் ஆச்சியிடம் எடுத்துரைத்தபொழுது, அவர்கள் முழுதுங் கேட்டுவிட்டு, “அடுப்படியில் நின்று நம் பக்கம் விசிறினால் அனல்தானே ஐயா வரும்!” என்றார்கள். இக்கட்டுரை முழுவதும் கூறியதை ஆச்சி ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்கள். நண்பர்காள், கருவியொன்றைச் சேர்த்துவிட்டோம் என்னும் நம்பிக்கை அக்கருவி செய்யும் வேலையாகாது. அது தன் வேலையைச் செய்கின்றதாவென நாமே ஒருமுறை நீட்டிப் பார்த்தல் வேண்டும்.