அச்சத்தை வெல்லும் படிகள்

கற்றுக்கொண்ட அச்சத்தைக் கற்றலாலேயே நீக்கலாம் என்பது நடத்தைச் சிகிச்சையின் அடிப்படையாகும். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதினார். பீட்டர் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயல் தூரத்தில் வைக்கப்பட்டது. பின் நாளுக்கு நாள் நெருங்கிவந்தது. இறுதியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான்.

ஜோசப் வோல்ப் பின்னர் இதனை முறைப்படுத்தினார்:

1. உடலைத் தளர்த்தப் பழகுதல்.
2. அஞ்சுபவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தல்.
3. தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாக எதிர்கொள்ளல்.

மேடைக்கு அஞ்சும் மாணவி முதலில் தனியாகவும், பிறகு தோழி முன்பும், அதன் பின் வகுப்பிலும் பேசிப் பழகலாம். பெற்றோர்களே, "இதற்கெல்லாமா பயம்?" என ஏசாதீர்கள், அடுத்த படிக்கு அவளை அவசரப்படுத்தாதீர்கள். அச்சம் படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்குமானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க நாம் வெட்கப்படுவதில்லையே!