ஆஸ்துமா சிகிச்சையில் எதிர்-ஹிஸ்டமின் மருந்தும் ஸ்டீராய்டும்

ஸ்டீராய்டும் எதிர்-ஹிஸ்டமின் மருந்தும் ஒருங்கே சேர்ந்த மாத்திரையை உட்கொண்டு மூச்சிழுப்பு தணியப் பெற்ற நோயாளிகள் உண்டு. தணித்தது இவ்விரண்டில் எது என்பதே கருதற்பாலது.

ஒவ்வாத பொருள் உடலிற் புகுங்கால் திசுக்களிலிருந்து ஹிஸ்டமின் வெளிப்படுகிறது. 1910-ல் டேல், லெய்ட்லா என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இப்பொருளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் மூச்சுக்குழல்கள் இறுகின. 1937-ல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் போவே என்பாரும் அவருடைய உடனுழைப்பாளரும் இதன் செயலைத் தடுக்கும் முதற் கூட்டுப்பொருளைக் கண்டனர். ஆஸ்துமாவுக்கு மருந்து கிட்டிற்று எனப் பலர் நம்பியது இயல்பே. ஆயினும், தோல் தடிப்பும் தும்மலும் அடங்கினவேயன்றி இழுப்பு அவ்வளவாக அடங்கவில்லை.

காரணம் யாது? 1940-ல் கெல்லவே, டிரெத்தேவி என்போர் ஒவ்வாமைக்குள்ளான கினிப்பன்றியின் நுரையீரலிலிருந்து, தசையை மெதுவாகவும் நெடுநேரமும் சுருங்கச் செய்யும் பிறிதொரு பொருள் வெளிவருவதைக் கண்டனர். எதிர்-ஹிஸ்டமின் மருந்து அதன்மேற் செல்லவில்லை. 1979-ல் சுவீடன் நாட்டுச் சாமுவெல்சன் அதன் இயல்பை விளக்கி, அவ்வினப் பொருள்களுக்கு லூக்கோட்ரையீன் எனப் பெயரிட்டார். மூச்சுக்குழலை இறுக்குவதில் இவை ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வலியவை.

ஸ்டீராய்டோ ஒரு பொருளை மட்டும் தடுப்பதன்று. உயிரணுவின் உட்கருவிற் செயற்பட்டு, அழற்சியை விளைவிக்கும் பல பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. குழலின் வீக்கம் வடிகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகுமாதலால், திடீர் இழுப்பின்போது குழலை உடனே விரிக்கும் சால்புட்டமால் போன்ற மருந்தும் உடன் தேவை.

ஆகவே கூட்டு மாத்திரையின் பெருமை பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கே உரியது. நோயாளியோ அதனைச் சாதாரணச் சளி மாத்திரை எனக் கொண்டு மாதக்கணக்கில் விழுங்குவார். அந்நிலையில் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை மறந்துவிடுகின்றன. மாத்திரையை ஒருநாள் சட்டென நிறுத்தினால் கடும் சோர்வும், இரத்த அழுத்த வீழ்ச்சியும், மீண்டும் இழுப்பும் நேரலாம். உயிருக்கே ஆபத்து விளைதலும் கூடும். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமெனினும், இரண்டும் ஒன்றாயிருப்பதால் அதனை மட்டும் தனியே குறைத்தல் இயலாது. பழைய எதிர்-ஹிஸ்டமின் மருந்துகள் உறக்கத்தையும் தருவன. இழுப்பு முற்றிய நோயாளி மயங்கிக் கிடத்தல் பேரபாயத்தின் அறிகுறி. வீட்டாரோ மருந்தால் வந்த தூக்கமென எண்ணி வாளாவிருப்பர். உள்ளுக்கு உட்கொள்ளும் ஸ்டீராய்டுடன் பிற மருந்துகளை நிலையாகச் சேர்த்த தயாரிப்புகள், உள்ளிழுக்கும் கருவிகளுக்குரியவை நீங்கலாக, இந்தியாவில் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இடம் பெற்றிருப்பது பொருத்தமே.

எதிர்-ஹிஸ்டமின் மருந்து பயனற்றதென இதனால் கொள்ளலாகாது. ஆஸ்துமாவுடன் மூக்கொழுக்கும் தும்மலும் உள்ளோர்க்கு, உறக்கம் மிகத் தராத புதிய வகையை மருத்துவர் தனியே அளிப்பர். ஸ்டீராய்டை 1970-களிலிருந்து நேரே மூச்சுக்குழலுக்கு உள்ளிழுக்க இயலுகிறது. மாத்திரையில் மில்லிகிராமாய்ச் செல்வது இம்முறையில் மைக்ரோகிராமாய் அமைகின்றது. இழுத்தபின் வாய் கொப்புளித்தால், வாயில் காளான் தொற்று உண்டாவதும் குறையும்.