அடைபட்ட செவியும் அதன் பின்வாயிலும்

சென்ற ஐப்பசித் திங்களில் எனக்குச் சளியும் சுரமும் கண்டு, வலச்செவியிற் கடுங்குத்தல் உண்டாயிற்று. மருந்தினால் ஒரு வாரத்தில் வலி நீங்கிற்று, அடைப்போ நீங்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் செய்யுள் படிக்குங்கால் அவர் குரல் குடத்தினுள்ளிருந்து வருவது போன்றிருந்தது. லகர ளகர வேறுபாடு புலப்படாமையால் எதுகைகளைத் தவறவிட்டேன். என் குரல் மட்டும் தலைக்குள்ளே முழங்கியது. தமிழ் பயில்வானுக்கு இதனினும் பெரிய இடர் யாது?

வீட்டில் அத்தை பூண்டிட்டுக் காய்ச்சிய எண்ணெயுடன் நின்றார்கள். மருத்துவரோ, “எண்ணெய் செல்லும் வழி வேறு, அடைப்பு இருக்கும் இடம் வேறு, தம்பி” என்றார். அவ்வொரு சொல்லை விரித்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செவித்துளையின் முடிவிற் செவிப்பறை என்னும் மெல்லிய தோல் உண்டு. அதற்கு அப்பால் இருப்பது நடுச்செவி. காற்று நிறைந்த சிற்றறை. அவ்வறைக்குக் காற்று வரும் வாயில் மூக்கின் பின்புறத்தே உள்ளது. இரண்டையும் இணைக்கும் குழல், வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர் நீளமுடையது. 16-ஆம் நூற்றாண்டில் அதனை விளக்கியெழுதிய இத்தாலிய அறிஞர் பார்த்தொலோமேயோ யூஸ்டேக்கியின் பெயரால் யூஸ்டேக்கியன் குழல் எனப்படும். எப்பொழுதும் மூடியிருக்கும் இக்குழல், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணப்பொழுது திறக்கும். சளியினால் அதன் உட்தோல் வீங்கிவிடின் புதுக்காற்றுப் புகாது. உள்ளிருக்கும் காற்றை அறையின் தோல் உறிஞ்சிக்கொள்ளும், பறை உட்குழியும், நீரும் கசிந்து தேங்கும். நோய் தீர்ந்த பின்னும் அந்நீர் பல வாரம் நிற்றல் உண்டு. பறை பழுதற்றதாயின் மேலே வார்க்கும் எண்ணெய் அதனைக் கடவாது. பறையிற் துளை விழுந்திருப்பின் உட்புகுந்து கேடே செய்யும். கொண்டையூசியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

1724-இல் வெர்சேல்ஸ் நகரத்து அஞ்சல் தலைவர் கியோ என்பார், தம் செவிட்டுத்தன்மை நீங்க, வளைந்த உலோகக் குழாயொன்றை வாய்வழியே செலுத்தி இப்பின்வாயிலில் நீர் பாய்ச்சினாராம். மருத்துவரல்லாத ஒருவர் வழியைச் சரியாக உணர்ந்தமை வியப்பே; எனினும் யாரும் அவரைப் பின்பற்ற வேண்டா. 1704-இல் வல்சால்வா தம் செவிநூலிற் கூறிய முறை எளிது: வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெல்ல ஊதுதல். அவர் அதனைச் செவிச்சீழ் வெளியேற்றவே கூறினார். இன்று குழலைத் திறக்கப் பயன்படுகின்றது. வன்மையாக ஊதுதல் தீது. சளியும் சீழும் உள்ள காலத்தும் ஊதலாகாது. கிருமி செவிக்கு ஏறிவிடும்.

நான் முதலிற் கற்கண்டைச் சுவைத்து அடிக்கடி விழுங்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டும் விழுங்கினேன். சளி முற்றும் நீங்கிய பின்னரே நாளும் சிலமுறை மெல்ல ஊதினேன். 22-ஆம் நாட் காலையிற் கொட்டாவியோடு ‘டப்’ என்றோர் ஓசை. காக்கையின் கரைதல் இரு செவியிலும் ஒன்றாகக் கேட்டது. நண்பகலில் மீண்டும் அடைத்து, சில நாளில் முற்றும் விட்டது. பயிற்சியாலேயே விட்டதென்று சாதிக்கமாட்டேன். இந்நீர் பெரும்பாலும் தானே வற்றுவது.

ஆயினும் குழந்தைக்கு மூன்று திங்கள் கடந்தும் நீர் நிற்பின் மருத்துவரிடம் காட்டுக. வளர்ந்தோர்க்கு ஒரு செவி மட்டும் நெடுநாள் அடைத்திருப்பின் மூக்கின் பின்புறத்தையும் ஆராய்வித்தல் வேண்டும். தலைச்சுற்றல், முகம் கோணுதல், காதின் பின்னே வீக்கம், திடீரெனக் கேள்வி குன்றுதல் ஆகியவற்றில் ஒருநாளும் தாழ்த்தலாகாது.

இவ்வளவும் அத்தைக்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் மீதிப் பூண்டு இரசத்துக்கு ஆகட்டும்” என்றார்கள்.