பரீட்சை முடிந்த கையோடு பல்கலைக்கழகம் பார்க்கலாமா?

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். கணிதம், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகப் படிப்பு எப்படியிருக்கும் என்று இப்போதே காட்ட வழியுண்டா?
– ஒரு தாய், சாய்ந்தமருது

பதில்: கட்டாயம் காட்டுங்கள், சகோதரி. அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்போது அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான். பாடசாலை அதிபர் மூலம் பீடாதிபதிக்குக் கடிதம் எழுதி, சில பிள்ளைகள் சேர்ந்து ஒரு விரிவுரையில் அமரவும் ஆய்வுகூடம் பார்க்கவும் அனுமதி கேளுங்கள்.

அங்கே அவள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கட்டும். ஒன்று, ஆய்வுகூடத்தில் அளவியில் எடுத்த மூன்று வாசிப்புகளும் ஒத்துவராவிட்டால், காரணத்தை மாணவரே தேடி எழுதவேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. அடுத்தது, விஞ்ஞான விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் படித்துப்போகும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் முதல் வருடத்தில் தடுமாறுவது இங்கேதான். இன்றிலிருந்தே தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் வாசிக்கப் பழக்குங்கள்.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று முடிவெடுக்குமுன் ஒருமுறை கூட்டிச்சென்று காட்டுங்கள். இந்த மாதங்கள் முழுவதையும் டியூஷனுக்கே கொடுத்துவிடாதீர்கள்.