கடல் கடக்கும் காய்கறி: கவனிக்க வேண்டியவை

நம் விளைபொருள் வெளிநாட்டில் விலைபோக விளைச்சல் மட்டும் போதாது. பூச்சியில்லாத தரம், மருந்து எச்சம், தொடர்ந்த வரத்து, அரசின் கொள்கை ஆகியவை சேர்ந்தே ஏற்றுமதியை நிர்ணயிக்கின்றன. எழுமலை வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் பாகல் போடும் விவசாயிக்கும் இது பொருந்தும்.

பழ ஈ தந்த பாடம்

2013-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற பழம், காய்கறிச் சரக்குகளில் 207-இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பிடிபட்டன. அதனால் 2014 மே முதல் ஐரோப்பிய யூனியன் நாடுகள் நமது மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்குத் தடை விதித்தன. மாம்பழத் தடை 2015-இல் நீங்கியது. காய்கறிகளுக்கு மேலும் காலம் பிடித்தது. சிலருடைய சொத்தைக் காய் எல்லோருக்கும் கதவை மூடிவிட்டது.

பழ ஈ, காயின் தோலுக்கடியில் முட்டையிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே புழு குடையும். பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே சொத்தைக் காய்களையும் உதிர்ந்த காய்களையும் அன்றாடம் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். மாந்தோப்பில் மீத்தைல் யூஜினால், பாகல், புடலையில் க்யூலூர் வைத்த கவர்ச்சிப் பொறிகள் ஆண் ஈக்களைப் பிடிக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து வைத்தால்தான் முழுப் பலன் கிட்டும்.

மருந்து எச்சம்

தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. அதாவது ஒரு டன் காயில் 10 மில்லிகிராம்! எனவே சிபாரிசு செய்த மருந்தை, சொன்ன அளவில் மட்டுமே தெளிக்க வேண்டும். தெளித்த தேதியை நோட்டில் குறித்து, காத்திருப்பு நாள் கழிந்த பிறகே காய் பறிக்க வேண்டும்.

அரசின் கொள்கை

உள்நாட்டில் விலை ஏறினால் அரசு ஏற்றுமதிக்குக் கடிவாளம் போடும். 2023 டிசம்பரில் தடை செய்யப்பட்ட வெங்காய ஏற்றுமதி, 2024 மே மாதம்தான், அதுவும் 40 சத வரியுடன், திறக்கப்பட்டது. ஆகவே முழு நிலத்தையும் ஏற்றுமதியை நம்பி விடக்கூடாது; உள்ளூர்ச் சந்தைக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது நல்லது.

கூடிச் செய்தால் லாபம்

ஏற்றுமதியாளர் ஒரே தரத்தில், தொடர்ந்து, நிறையச் சரக்கு கேட்பார். தனி விவசாயியால் இயலாதது, உழவர் உற்பத்தியாளர் குழுவாகத் தரம் பிரித்து அனுப்பினால் இயலும். 1986-இல் தொடங்கிய மத்திய அரசின் 'அபிடா' நிறுவனத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்து, விலையையும் பணம் தரும் நாளையும் எழுத்தில் வாங்கிய பின்னரே சரக்கைக் கொடுக்க வேண்டும்.